பத்து நட்டு, பத்துக் கோடு

அவருக்கு ‘எக்ஸ்ரே’ என்று பெயர் வைத்தவன் நான்தான். அதற்காக எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது. கையில் டீயைக் கொடுத்தால் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் குடிக்கிற மனிதரை வேறு என்னவென்று கூப்பிடுவது? டீசல் போடும் இடத்தில் ஒரு கண் மீட்டர் மேலும் மறு கண் போடுகிறவன் முகத்தின் மேலும் இருக்கும். மழை வரும் என்று வானொலியில் சொன்னால், இப்படிச் சொல்வதில் யாருக்கு லாபம் என்று யோசிப்பார். சொந்த லாரி, சொந்தக் கையால் ஓட்டுகிறார். இருபது வருடத்தில் ஒரு விபத்து கிடையாது. யாரையும் நம்பாததால்தான் தப்பித்தேன் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஒரே மதிலுக்குள் எங்கள் மூன்று பிழைப்பும் நடக்கிறது. இரும்புக் கதவை ஒட்டி என் டயர்க்கடை. எதிரில் ஒரு தகரக் கொட்டகை. அதில் எக்ஸ்ரேயின் மனைவியுடைய தம்பி லாரி மெக்கானிக்காக இருக்கிறான். முப்பது வயது தாண்டியவன். வேலையில் சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். நடுவில் அவர்கள் வீடு. அதன் முன்னறையில் எக்ஸ்ரேயின் மனைவி தையல் மிஷின் போட்டு லாரி சீட்டுகளுக்கு ரெக்சின் உறை தைக்கிறாள். நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். ரெக்சினில் சாக்பீஸ் கோடு நிற்காது. அதனால் வெட்ட வேண்டிய இடத்தைச் சிவப்பு நகப்பாலிஷால் கோடு போட்டுக்கொள்வாள். அவள் நகத்தில் அதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்தக் குப்பி எப்போதும் மிஷின் மேல் ஊசிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். இந்தக் கதையில் அதற்கு வேலை இருக்கிறது.

விடாத மழை பெய்த ஒரு வாரம். லாரியின் இடது முன்சக்கரத்தில் பேரிங் இறுகி, ஹப் சூடேறிப் போய்விட்டது. சக்கரத்தைத் தாங்கிச் சுற்றுகிற, குடம் போன்ற இரும்புதான் ஹப். அதோடு சேர்ந்து சுற்றும் வட்டத் தட்டு ரோட்டார். பிரேக் அதைத்தான் கவ்விப் பிடிக்கும். அதிலும் விரிசல். இரண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஹப்பில் பத்துத் துளைகள். துளைக்கு ஒன்றாக, மரை வெட்டிய இரும்புத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஸ்டட், மொத்தம் பத்து. சக்கரத்தை அவற்றில் கோத்து, பத்து நட்டுப் போட்டு இறுக்குகிறோம். சிமெண்ட் மூட்டைகளோடு மலை இறங்குகிறவன் உயிர் அந்தப் பத்தில்தான் இருக்கிறது.

பழைய ஹப்பைச் செய்த கம்பெனி அதை நிறுத்திவிட்டிருந்தது. வேறு கம்பெனி ஹப்பும் ரோட்டாரும் கிடைத்தன. ஸ்டட் தனியாக வாங்க வேண்டும். எங்கள் தொழிலில் அளவு சொல்லிச் சாமான் வாங்குகிறவன் கிடையாது. பழசைத் துடைத்து, பேப்பரில் சுற்றி எடுத்துப்போய்க் கடை மேசையில் வைப்போம். “இதே மாதிரி பத்து” என்போம். கடைக்காரர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பார். நட்டைப் போட்டுச் சுற்றிப் பார்ப்பார். மரை ஒத்துப்போனால் முடிந்தது. மெக்கானிக் அப்படித்தான் வாங்கிவந்தான். யாராக இருந்தாலும் அப்படித்தான் வாங்கியிருப்பார்கள், நான் உட்பட.

எக்ஸ்ரே சும்மா விடுவாரா? ஒரு ஸ்டட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மாப்ள, புதுத் தட்டு பழசவிடத் தடிமன் கூட. ஸ்டட் நீளம் பத்துமா?”

“பத்தும் மாமா. வெச்சுப் பாத்துட்டேன். நட்டத் தாண்டி மூணு மரை வெளிய நிக்குது. நீங்களே எண்ணிக்குங்க.”

ஸ்டட்டைத் தட்டோடும் சக்கரத்தோடும் சேர்த்து வைத்து, நட்டைப் போட்டு எண்ணினார். மூன்றுதான். அதற்கு மேல் எதைச் சந்தேகப்படுவது என்று தெரியாமல் திருப்பிக் கொடுத்தார்.

மெக்கானிக் ஸ்டட்டுகளைத் துளையில் வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கினான். வழக்கமாக அந்த வேலையில் ஆள் வியர்த்து ஊற்றிவிடுவான். அன்று அவன் சட்டைகூட நனையவில்லை.

“பாத்தீங்களா அண்ணே, ரெண்டே அடி. வெண்ணெய்ல எறங்கற மாதிரி எறங்குது. புதுச் சாமான்னா புதுச் சாமான்தான்” என்று என்னிடம் பெருமையடித்தான். நானும் தலையாட்டினேன். சக்கரத்தை மாட்டி நட்டு இறுக்கியது நான். சக்கர வேலை என்னுடையது.

முதல் நடை போய்த் திரும்பிய அன்றே நட்டுகள் தளர்ந்திருந்தன. புதிதாக மாட்டிய சக்கரம் ஒரு தடவை தளரத்தான் செய்யும், மறுபடி இறுக்கினால் சரியாகிவிடும். இது எக்ஸ்ரேக்கும் தெரியும். இறுக்கினேன். இரண்டாவது நடை முடிந்து வந்தபோதும் தளர்ந்திருந்தது. அவர் நேராக என் கடைக்கு வந்து நின்றார்.

“டயர்காரரே, உங்களுக்கும் எனக்கும் ஏதாவது இருக்கா?”

“என்ன அண்ணே கேள்வி இது?”

“போன மாசம் வேற கடையில டயர் மாத்தினேன். அதுக்கு முகத்தத் தூக்கி வெச்சுக்கிட்டீங்க. அதான் கேட்டேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டயர் மாற்றியதற்கு நான் முகத்தைத் தூக்கியது உண்மை. அதற்காக ஒருத்தன் சக்கரத்தைக் கழற்றிவிடுவேனா? “வாங்க, உங்க கண்ணு முன்னாடியே இறுக்கறேன், கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாருங்க” என்று ஸ்பானரையும் அதன் பிடியில் மாட்டும் நீளக் குழாயையும் எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு தலைமாட்டில் நின்றார். சேற்றில் முழங்கால் ஊன்றி ஒவ்வொரு நட்டாக இறுக்கினேன். இறுகிய நட்டு கைக்குத் தெரியும். கல்லில் முட்டிய மாதிரி நிற்கும். எட்டாவது நட்டு நிற்கவில்லை. முட்டுவது போல முட்டி, கொஞ்சம் வழுக்கி, மறுபடி முட்டியது. ஒன்பதாவதும் அப்படித்தான். இது என்ன என்று நிமிர்ந்தேன். சொல்ல வாயைத் திறந்தேன்.

“என்ன, கை வலிக்குதா? நான் பாக்கறப்ப மட்டும் நல்லா இறுகுதே!” என்றார் அவர்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். என்னையே சந்தேகப்படுகிறவனுக்கு நான் எதற்குச் சொல்ல வேண்டும்? ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன்.

இரண்டு நாளில் என்னை விட்டுவிட்டார். அடுத்து ஸ்டட் விற்ற கடைக்காரர். அவரிடம் போய்ப் பெட்டியெல்லாம் திறந்து போலிச் சாமானா என்று பார்த்து, அவர் வாயில் விழுந்துவிட்டு வந்தார். மூன்றாவதாக மச்சினன். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பச்சை லாரிக்காரர் இருக்கிறார். அவரும் சிமெண்ட்தான் ஏற்றுகிறார். அவர் பட்டறையிலிருந்து மெக்கானிக் வெளியே வருவதை எக்ஸ்ரே பார்த்துவிட்டார். அவ்வளவுதான், அன்று மதியமே வீட்டில் சோற்றுத் தட்டு நகர்த்தி வைக்கப்பட்டது. ஜன்னல் என் கடைப் பக்கம். காதைப் பொத்திக்கொள்ள நான் ஒன்றும் மகான் இல்லை.

“அங்க உனக்கு என்ன வேலை?”

“கியர் பாக்ஸ் பாக்கக் கூப்பிட்டாரு மாமா. போனேன்.”

“என் வண்டி நின்னா யாருக்கு லோடு போகும்?”

“மாமா, நீங்க என்ன சொல்ல வரீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லல. நீ இனிமே என் வண்டிகிட்ட வராத. ஒரு போல்ட்ட தொடாத.”

“ஏங்க, சாப்பிடற எடத்துல என்னங்க இது?” இது தங்கச்சி.

“நீ பேசாத. உன் தம்பின்னா உனக்குக் கண்ணு தெரியாது.”

மெக்கானிக் சாப்பிடாமல் எழுந்து கொட்டகைக்குப் போனான். அன்றிலிருந்து அந்த லாரியின் பக்கம் திரும்பவில்லை. எதிரில்தான் நிற்கிறது, பார்க்காமல் இருப்பதற்கே அவன் பாடுபட வேண்டியிருந்தது. தங்கச்சி இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள். மிஷினில் உட்காரும்போது அடிக்கடி நூல் அறுந்தது.

எக்ஸ்ரே மதிலின் இரும்புக் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். பிறகு ஒரு யோசனை கண்டுபிடித்தார். மழை சற்று விட்டிருந்த காலையில் நட்டுகளைத் தானே இறுக்கிவிட்டு, மனைவியைக் குப்பியோடு லாரிக்கு அழைத்துவந்தார்.

“ஸ்டட் நுனியில ஆரம்பிச்சு நட்டு மேல வரைக்கும் ஒரு கோடு இழு. நட்டு ஒரு நூல் சுத்தினாக்கூடக் கோடு உடைஞ்சு காட்டிக் குடுத்துரும்.”

“சக்கரத்து மேலயும் இழுத்துடட்டுமா?”

“அங்க சேறும் எண்ணெயும். பிடிக்காது. நான் சொன்ன மட்டும் போடு.”

அவள் குந்தி உட்கார்ந்து பத்துக் கோடும் போட்டாள். தையல்காரி போட்ட கோடு, கேட்க வேண்டுமா? சக்கரத்தின் நடுவிலிருந்து வெளியே பார்த்தபடி, பிள்ளைகள் வரையும் சூரியன் மாதிரி வரிசையாக நின்றன. இடையில் ஒரு கோட்டில் பிரஷ்ஷை நிறுத்தி எதையோ உற்றுப் பார்த்தாள். “நேரமாச்சு, எந்திரி” என்று அவர் விரட்டினார்.

மறுநாள் சிமெண்ட் ஏற்றிக்கொண்டு மதியம் வந்தார். நாலு மணிக்கு மலைப்பாதைக்குக் கிளம்ப வேண்டும். சின்னச் சுத்தியலை எடுத்து நட்டுகளைத் தட்டினார். இறுகிய நட்டைத் தட்டினால் ணங்கென்று கேட்கும். தளர்ந்தது டொக்கென்று கேட்கும். என் கடைக்கு ஆறு ணங்கும் நாலு டொக்கும் கேட்டன.

அவர் குனிந்து பார்த்தார். பத்துக் கோடும் உடையாமல் இருந்தன.

நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். கோபமாக இருந்தால் பரவாயில்லை. கண்டுபிடித்துவிட்ட திருப்தி அந்த முகத்தில் இருந்தது.

“வெளிய வா” என்று வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். தங்கச்சி கத்தரிக்கோலும் கையுமாக வந்தாள். மெக்கானிக் கொட்டகை வாசலில் நின்றான்.

“நாலு நட்டு லூசு. கோடு ஒண்ணுகூட உடையல. அதுக்கு என்ன அர்த்தம்? லூசாக்கிட்டு மறுபடி பூசியிருக்காங்க. கதவுச் சாவி என்கிட்ட. அந்தக் குப்பி யார்கிட்ட?”

தங்கச்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“ஏங்க… நானா?”

“உன் தம்பி கழட்டறான், நீ பூசி மறைக்கற. அக்கா தம்பி ரெண்டு பேரும் சேந்து நல்லா நடத்தறீங்க.”

“மாமா!” மெக்கானிக் நடுமுற்றத்துக்கு வந்துவிட்டான். “என்னச் சொல்லுங்க. அக்காவ ஏன் இழுக்கறீங்க?”

“அப்ப ஒண்ணு பண்ணு. நாலு நட்டையும் நீயே இறுக்கு. இறுக்கிட்டு என் பக்கத்துல ஏறி உட்காரு. ரெண்டு பேரும் மலை எறங்குவோம். நீ யோக்கியன்னா பயப்பட மாட்ட.”

“ஏறறேன். இப்பவே ஏறறேன்.” ஸ்பானரை எடுத்துக்கொண்டு வேகமாகப் போனான்.

இரண்டு முரடர்களும் ஒரே வண்டியில் ஏறப்போகிறார்கள். கீழே கழன்றுகொண்டிருக்கும் சக்கரம். எனக்கு எட்டாவது நட்டும் ஒன்பதாவது நட்டும் ஞாபகம் வந்தன. சொல்லியிருக்கலாம். அப்போதும் நாக்கு எழவில்லை. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று பயந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவர்கள் உயிரைவிட என் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

“டேய், கை வைக்காத!”

தங்கச்சி இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. மெக்கானிக் ஸ்பானரோடு அப்படியே நின்றான். அவள் ஓடிவந்து சக்கரத்தின் முன்னால் குந்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மறுபடி துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

“நான் இப்படிப் போடல” என்றாள்.

“கேட்டீங்களா டயர்காரரே? அவளே சொல்றா.”

“இருங்க. நான் போட்டப்ப எல்லாக் கோடும் நடுவுலேர்ந்து வெளிய பாத்துக்கிட்டு இருந்துச்சு. இந்த ஆறும் அப்படியே இருக்கு. இது பாருங்க, தரையப் பாத்துக்கிட்டு நிக்குது. இது பக்கத்து நட்டப் பாத்துக்கிட்டு நிக்குது. நாலும் நாலு பக்கம் திரும்பியிருக்கு.”

“அப்ப வேற எவனோ பூசியிருக்கான்.”

“யாரும் பூசல.” விரலை ஒரு நட்டின்மேல் வைத்தாள். “போடறப்ப பிரஷ்ஷுலேர்ந்து ஒரு முடி உதிந்து இதுல ஒட்டிக்கிச்சு. எடுக்கலாம்னு பாத்தேன், நீங்கதான் விரட்டினீங்க. இந்தா இருக்கு அதே முடி. கோடு நான் போட்டதுதான். அது நிக்கற தெசதான் மாறியிருக்கு.”

எக்ஸ்ரே குனிந்தார். சிவப்புக்குள் ஒரு கறுப்பு முடி, ஸ்டட் நுனியிலிருந்து நட்டு வரை, அறுபடாமல் கிடந்தது.

மெக்கானிக்கும் குனிந்து பார்த்தான். தகரத்திலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக்தான் முதலில் வாயைத் திறந்தான், யாருக்கோ சொல்வது போல.

“நட்டு மட்டும் சுத்தினா கோடு உடையணும். உடையாமத் திரும்பியிருக்குன்னா… ஸ்டட்டும் சேந்து சுத்தியிருக்கு.” ஸ்பானரைக் கீழே வைத்தான். “மாமா, ரெண்டே அடியில எறங்குச்சு மாமா.”

ஜாக்கி வைத்துத் தூக்கினோம். சக்கரத்தைக் கழற்றி, ஹப்பை வெளியே எடுத்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மெக்கானிக் ஒரு ஸ்டட்டின் முனையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். சுத்தியலுக்கே இறங்கக் கஷ்டப்பட வேண்டிய ஸ்டட், விரலுக்கு மசிந்து பின்பக்கமாக நழுவிச் சேற்றில் விழுந்தது.

ஸ்டட்டின் கழுத்தில் நெருக்கமாகப் பற்கள் வெட்டியிருக்கும். துளைச் சுவரை அவை கடித்துக்கொண்டு நிற்பதால்தான் நட்டை இறுக்கும்போது ஸ்டட் சுற்றாமல் இருக்கிறது. இதில் பற்கள் தேய்ந்து பளபளத்தன. ஸ்டட்டும் கூடவே சுற்றினால் நட்டு இறுகுவது போலக் காட்டும், முழுசாக இறுகாது, ஓட ஓட ஆடித் தளர்ந்துவிடும். வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தான் மெக்கானிக். புது ஹப்பின் துளை பழையதைவிட அரை மில்லிமீட்டர் பெரிது. மரை சரி, நீளம் சரி, நட்டு சரி. கழுத்து மட்டும் பழைய ஹப்புக்கு உரியது. பழைய இரும்புக் குவியலில் கிடந்த பழைய ஹப்பில் வைத்துப் பார்த்தான், சிக்கென்று நின்றது. ஸ்டட்டைத்தான் கடைக்கு எடுத்துப்போனான், ஹப்பை எடுத்துப்போகவில்லை. எங்களில் யாருமே எடுத்துப்போக மாட்டோம்.

“என் தப்புதான் மாமா. தெரிஞ்சு பண்ணல. ஆனா என் தப்புதான்” என்றான்.

எக்ஸ்ரே ஸ்டட்டைச் சேற்றிலிருந்து எடுத்து, வழக்கம்போல வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு கட்டைமேல் உட்கார்ந்தார். இரண்டு வாரமாக ஒரு எதிரியைத் தேடி அலைந்த மனிதர். கடைசியில் கையில் கிடைத்தது ஒரு துண்டு இரும்பு. அதைத் திட்டவும் முடியாது, முறைக்கவும் முடியாது. பார்க்கப் பாவமாக இருந்தது.

“இந்த ஸ்டட்ட அன்னிக்கு நானும்தான் கையில எடுத்துப் பாத்தேன்” என்றார் மெதுவாக. “மரையத்தான் எண்ணினேன்.”

மனைவியிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. அவளும் நிற்கவில்லை. உள்ளே போனாள். மிஷின் சத்தம் கேட்டது, எதையும் தைக்காமல் சும்மா ஓடுகிற சத்தம்.

அன்றைய நடை நின்றது. மறுநாள் ஹப்பையே தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், துளையை அளந்து, கழுத்துத் தடித்த ஸ்டட் பத்து வாங்கிவந்தான் மெக்கானிக். அவை சுத்தியலுக்கு அசையவில்லை. அழுத்தி இறக்குகிற பிரஸ் மிஷின் வேண்டும். பக்கத்தில் பிரஸ் வைத்திருப்பது பச்சை லாரிக்காரர் ஒருவர்தான். எக்ஸ்ரே என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன். பிறகு அவரே ஹப்பைத் தோளில் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்தார். பச்சை லாரிக்காரர் டீ கொடுத்தாராம். டம்ளரைத் தூக்கிப் பார்க்காமல் குடித்தாராம். கூடப் போன மெக்கானிக்தான் சொன்னான்.

சக்கரம் மாட்டி நான் இறுக்கினேன். பத்தும் கல்லில் முட்டிய மாதிரி நின்றன. எக்ஸ்ரே ஜன்னலருகே போய்த் தயங்கி நின்றார்.

“கோடு போடணும். சக்கரத்து மேலயும் சேத்து. வர்றியா?”

தங்கச்சி வெளியே வந்து குப்பியை அவர் கையில் வைத்தாள்.

“நீங்களே போட்டுக்குங்க. நாளைக்கு யாரு போட்டதுன்னு கேக்க வேண்டியிருக்காது.”

அவர் சக்கரத்தைத் துணியால் துடைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். ஸ்டியரிங் பிடித்துத் தடித்த விரல்களில் அந்தச் சின்ன பிரஷ் நிற்கவில்லை. கோடுகள் கோணல்மாணலாக, வழிந்து, ஒன்றுபோல ஒன்று இல்லாமல் வந்தன. அவள் வாசலில் நின்று பத்தும் முடியும்வரை பார்த்தாள். திருத்திக் கொடுக்கவில்லை. உள்ளேயும் போகவில்லை.

வண்டியைக் கிளப்பும்போது மறுபக்கக் கதவு திறந்தது. மெக்கானிக் ஏறி உட்கார்ந்தான்.

“நான் உன்னக் கூப்பிடலியே.”

“தெரியும் மாமா. ஓட்டுங்க.”

தங்கச்சி அவித்த முட்டையும் ரொட்டியும் கட்டிய பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். ஒரே பொட்டலமாகக் கட்டியிருந்தாள். லாரி சாலையில் திரும்புகிறவரை இடது முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்புவதற்கு முன் எக்ஸ்ரே என் கடைக்கு வந்திருந்தார். “டயர்காரரே, மனசுல வெச்சுக்காதீங்க. மொதல்ல உங்களத்தான் சந்தேகப்பட்டேன். தப்பு” என்றார். இருபது வருடப் பழக்கத்தில் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அது ஒரு தடவைதான்.

“விடுங்க அண்ணே” என்றேன்.

எட்டாவது நட்டையும் ஒன்பதாவது நட்டையும் பற்றி அப்போதும் சொல்லவில்லை. அவர் சந்தேகப்பட்டவர்களில் ஏதோ ஒன்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தவன் நான் ஒருவன்தான். என்னைத்தான் அவர் முதலில் விட்டார்.